முகவாதமும் மருந்தின் அளவும்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம் முன்னோர் கண்ட பழமொழி. உவகையும் வெகுளியும் அச்சமும் அவலமும் சொல்லாகி வெளிப்படுமுன்னரே முகத்தில் தோன்றிவிடுகின்றன. மாணவன் பாடத்தை விளங்கிக்கொண்டானோ இல்லையோ என்பதை, அவன் விடை கூறுமுன்னரே ஆசிரியர் முகக்குறிப்பால் உணர்ந்துகொள்கின்றார். இத்தகைய முகத்தின் ஒரு பாதி, இரவு நலமாயிருந்து மறுநாட் காலையில் அசைவற்றுப் போகுமாயின், அதற்குரியார் எய்தும் கலக்கம் சொல்லுந்தரத்ததன்று. வாய் கொப்புளிக்கும்போது நீர் ஒருபுறமாக வழிகின்றது. ஒரு கண் மூட மறுக்கின்றது. சிரிக்க முயன்றால் வாய் மறுபுறமாகக் கோணுகின்றது. கண்ணாடியிற் பார்ப்பவர்க்குத் தம் முகமே அயலார் முகம்போலத் தோன்றுகின்றது. இதுவே திடீர் முகவாதம்.

இந்நோய்க்கு இன்று பயன் நிறுவப்பட்ட மருந்தொன்று உண்டு. அது விலை மலிந்தது. அரசினர் வைத்தியசாலைகளிலும் ஊர் மருந்துக் கடைகளிலும் கிடைப்பது. ஆயினும், அதனை எவ்வளவு கொடுப்பது, எப்போது தொடங்குவது, எத்தனை நாள் கொடுப்பது என்னும் மூன்று வினாக்களுக்கு உறுதியான விடை காண மருத்துவ உலகுக்கு அரை நூற்றாண்டுக்கு மேற் சென்றது. அவ்விடை யாது, அதனைக் காண ஏன் இத்துணைக் காலம் வேண்டியதாயிற்று என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். விடை கண்ட பின்னரும், காலந் தாழ்த்தியோ அளவைக் குறைத்தோ அதன் பயனை இழப்பார் நம்மிடையே இருத்தலின், இதனை மருத்துவர்க்கு மட்டும் உரிய பொருளென்று விடுதல் தகாது.

முகவாதம் புதிய நோயன்று. ஆயுள்வேத நூல்கள் அர்த்திதம் என்னும் பெயரால் இதனைக் கூறுகின்றன. பாரசீக நாட்டுப் பேரறிஞராகிய அல்-ராசி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இதனை விரித்தெழுதினார். 1798 இல் நிக்கொலஸ் பிறீட்ரிச் என்னும் ஜேர்மானிய மருத்துவரும் நோயாளர் சிலரின் நிலையை விவரித்துள்ளார். எனினும், நோய்க்குத் தம் பெயரை விட்டுச் சென்றவர் எடின்பரோ நகரிற் பிறந்த சேர் சாள்ஸ் பெல் ஆவார். 1774 முதல் 1842 வரை வாழ்ந்த இவர் சத்திர வைத்தியர்; ஓவியம் வல்லவருமாவார். முகபாவங்களின் உடற்கூற்றை ஓவியர்க்கு விளக்கும் நூலொன்றை 1806 இல் வெளியிட்டார். 1815 இல் வாட்டர்லூப் போரிற் காயமுற்றோர்க்குப் பிறசல்ஸ் நகரிற் சிகிச்சை செய்து, அவர்தம் காயங்களை ஓவியமாகவும் தீட்டினார். முகத்தசைகளை இயக்கும் நரம்பு யாதென்பதைப் பற்றி 1821 இல் இலண்டன் றோயல் சங்கத்தில் அவர் அளித்த ஆய்வுரையே இத்துறைக்கு அடிகோலியது. வேறு காரணம் எதுவும் புலப்படாது தோன்றும் திடீர் முகவாதத்தைப் பெல்லின் வாதம் என்று வழங்குவது இதனாலேயாம்.

இனி, அந்நரம்பின் இயல்பை நோக்குவோம். மூளையிலிருந்து புறப்படும் மண்டையோட்டு நரம்புகள் பன்னிரண்டு சோடி. அவற்றுள் ஏழாவதே முகநரம்பு. பக்கத்துக்கு ஒன்றாக அமைந்த இது, காதைச் சூழ்ந்துள்ள என்பினுள்ளே ஏறத்தாழ 30 மில்லிமீற்றர் நீளமுள்ள வளைந்த குழாயொன்றினூடாகச் சென்று, காதின் கீழ்ப்புறத்தே வெளிப்பட்டு, ஐந்து கிளைகளாகப் பிரிந்து முகமெங்கும் பரவுகின்றது. நெற்றியைச் சுருக்குவதும், கண்ணை மூடுவதும், உதட்டைக் குவிப்பதும் இதன் தொழில். நாவின் முன் மூன்றில் இரு பங்கின் சுவையுணர்வும், கண்ணீர்ச் சுரப்பும், பேரொலியிலிருந்து செவியைக் காக்கும் சிறு தசையொன்றின் இயக்கமும் இந்நரம்பைச் சார்ந்தனவே. முகவாதம் உற்றார் சிலர் சுவை குன்றியதென்றும், ஒரு காதில் ஒலி மிகையாகக் கேட்கின்றதென்றும் கூறுதற்குக் காரணம் இதுவாகும்.

என்புக் குழாயின் மிகக் குறுகிய இடம் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த விட்டமுடையது. உடலின் பிற பாகங்களில் நரம்பு வீங்கினால் அயலிலுள்ள மெல்லிழையம் விலகி இடங் கொடுக்கும். என்பு இடங் கொடாது. ஆதலின் இங்கு நரம்பு வீங்குந்தோறும் நெருக்குண்கின்றது. நெருக்குண்ணவே குருதியோட்டம் தடைப்படுகின்றது. தடைப்படவே வீக்கம் மேலும் பெருகுகின்றது. தொடக்கத்தில் நரம்பின் இழைகள் அறுபடுவதில்லை. செய்தி செல்வது மட்டுமே தடைப்படுகின்றது. நெருக்கம் நீடிப்பின் இழைகள் அழியத் தொடங்கும். தடை மட்டும் உற்ற நரம்பு சில கிழமைகளில் முழுமையாக மீளும். அழிந்த இழையோ நாளொன்றுக்கு ஒரு மில்லிமீற்றர் அளவிலேயே மீண்டும் வளரும். வளரும்போது வழிதவறுதலும் உண்டு. கண்ணுக்குரிய இழை வாய்க்கும், வாய்க்குரியது கண்ணுக்கும் சென்று சேர்ந்தால், சிரிக்கும்போதெல்லாம் கண் தானே மூடிக்கொள்ளும். உமிழ்நீர்ச் சுரப்பிக்குரிய இழை கண்ணீர்ச் சுரப்பியைச் சென்றடைந்தால், உணவு உண்ணும்போது கண்ணீர் வடியும். இதனை மருத்துவர் முதலைக் கண்ணீர் என்பர்.

வீக்கத்துக்கு மூலம் யாது? உதட்டோரத்திற் கொப்புளம் எழுப்பும் வைரசு நரம்புக் கணுவில் உறங்கியிருந்து விழித்தெழுவதே காரணமாகலாம் என்னும் கருத்து 1972 இல் வெளியிடப்பட்டது. 1996 இல் ஜப்பானிய ஆய்வாளர் முராக்காமியும் அவர்தம் துணைவரும், கடும் முகவாதத்துக்குச் சத்திரசிகிச்சை பெற்ற 14 பேருள் 11 பேரின் நரம்பு நீரில் அவ்வைரசின் மரபுப் பொருளைக் கண்டனர். எனினும், நோயுற்றார் எல்லாரிடத்தும் இதுவே காரணம் என்று முடிவு கூறுதல் இயலாது.

மருந்தைப் பற்றிப் பேசுமுன் ஓர் எச்சரிக்கை வேண்டும். முகம் கோணியதெல்லாம் பெல்லின் வாதமன்று. மூளையிற் குருதியோட்டம் தடைப்பட்டு உண்டாகும் பாரிசவாதத்திலும் முகம் கோணும். நெற்றித் தசைகளுக்கு மூளையின் இரு பாதிகளிலிருந்தும் ஆணை வருதலின், பாரிசவாதத்தில் நெற்றி பெரும்பாலும் சுருங்கும். முகத்தின் கீழ்ப்பாதியே சோரும். பெல்லின் வாதத்திலோ நரம்பே தாக்குண்டமையால் நெற்றியும் சுருங்காது, கண்ணும் மூடாது. கை கால் சோர்தல், பேச்சுக் குழறல், நடை தள்ளாடல் ஆகியவற்றுள் ஒன்றேனும் உடன் தோன்றின், கணமும் தாழ்த்தாது வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். காதினுள்ளும் புறத்தும் கொப்புளங்களோடு வருவது, கொப்புளிப்பான் நோயைத் தரும் வைரசால் விளையும் வேறொரு வாதம். அதனை 1907 இல் விவரித்தவர் அமெரிக்க மருத்துவர் றாம்சே ஹன்ற். கிழமைக் கணக்காக மெல்ல மெல்ல வளரும் முகவாதம், கட்டி முதலியவற்றின் அறிகுறியாகலாம். இவற்றைப் பகுத்தறிதல் மருத்துவர் கடமை. நெற்றியைச் சுருக்கிப் பார்த்தல் வீட்டாரும் செய்யத்தக்கது. எனினும், ஐயம் உண்டாயின் பாரிசவாதம் என்றே கொண்டு விரைதல் நன்று.

இனி மருந்து. சிறுநீரகங்களின் மேல் முடிபோல் அமர்ந்துள்ள அதிரீனற் சுரப்பிகள் கோட்டிசோல் என்னும் ஓமோனைச் சுரக்கின்றன. அழற்சியையும் வீக்கத்தையும் அடக்கும் ஆற்றல் அதற்குண்டு. அதன் இனத்ததாகிய கோட்டிசோனை 1948 இல் அமெரிக்காவின் மேயோ நிலையத்தார் மூட்டு வாதமுற்ற பெண்ணொருவர்க்கு முதன்முதற் கொடுத்தபோது, நடக்கவியலாதிருந்தவர் சில நாட்களில் எழுந்து நடந்தார். ஹென்ச், கெண்டல், றைக்ஸ்டைன் ஆகிய மூவரும் 1950 இல் இதற்காக நோபெல் பரிசு பெற்றனர். 1955 அளவில், குறைந்த அளவிலேயே மிகுந்த ஆற்றல் காட்டும் பிறெட்னிசோன், பிறெட்னிசொலோன் என்பன வழக்குக்கு வந்தன. இவையனைத்தும் ஸ்டெரொயிட் இனத்தவை. நம்முடல் ஒரு நாளில் இயல்பாகச் சுரக்கும் கோட்டிசோல் ஏறத்தாழ 5 மில்லிகிராம் பிறெட்னிசொலோனுக்கு ஈடாகும். இவ்வெண்ணை வாசகர் நினைவிற் கொள்வாராக. பின்னர் இது பயன்படும்.

வீக்கமே நோய்க்கு வழியெனில், வீக்கத்தை அடக்கும் மருந்து பயன்தரல் வேண்டும் என்று எண்ணுதல் இயல்பு. 1950 களின் தொடக்கத்திலேயே முகவாதத்துக்குக் கோட்டிசோன் கொடுத்தனர். பலர் குணமடைந்தனர். ஆயின், மருந்தாற் குணமடைந்தனரா, மருந்தின்றியும் குணமடைந்திருப்பரா என்னும் வினா எழுந்தது. இவ்வினா வெறும் வாதமன்று. டென்மார்க்கிலே பீற்றசன் என்பார் சிகிச்சை பெறாத 1,700 க்கு மேற்பட்ட நோயாளரைப் பல்லாண்டு பின்தொடர்ந்து, 2002 இல் வெளியிட்ட முடிபின்படி 71 சதவீதத்தினர் தாமாகவே முழுக்குணம் எய்தினர். நூற்றுக்கு எழுபதுபேர் தாமே குணமாகும் நோயில் எம்மருந்தும் நல்ல மருந்துபோலவே தோன்றும். ஒத்தடமும் எண்ணெயும் மந்திரித்த நூலும் இந்நோயிற் புகழ் பெற்றமைக்குக் காரணம் இதுவே. மிஞ்சிய முப்பதுபேரே மருந்தின் உண்மையான உரைகல் ஆவர்.

1954 இல் இங்கிலாந்திலே தவேணர் என்னும் மருத்துவர் 26 நோயாளரை இரு பகுதியினராக்கி, ஒரு பகுதியினர்க்கு மட்டும் கோட்டிசோன் கொடுத்து ஆராய்ந்தார். பயன் எதுவும் புலப்படவில்லை. கணிதம் பயிலும் நம் மாணவர் இதன் காரணத்தை எளிதிற் காண்பர். மருந்தின்றி நூற்றுக்கு 82 பேரும், மருந்தோடு 94 பேரும் குணமாவர் என வைத்துக்கொள்வோம். பதின்மூவர் கொண்ட ஒரு குழுவில் முன்னது ஏறக்குறைய 11 பேர். பின்னது 12 பேர். ஒருவர் இருவரால் ஆகும் வேறுபாட்டை மருந்தின் ஆற்றலென்பதா, தற்செயல் என்பதா? சிறு வலையை வீசி மீன் இல்லையென்பது கடலைப் பற்றிய செய்தியாகாது.

1972 இல் அமெரிக்க மருத்துவர் அடூர் பிறெட்னிசோன் நன்மை தருவதாக எழுதினார். ஆனால் அவராய்வில் போலிக்குளிசை முறை முற்றாகப் பின்பற்றப்படவில்லை. 1976 இல் மே என்பார் பயனில்லை என்றார். அவராய்விலும் நோயாளர் தொகை சிறிது. இவ்வாறே ஒருசாரார் கொடுக்க, ஒருசாரார் மறுக்க, கொடுப்பவரும் தத்தமக்குத் தோன்றிய அளவிற் கொடுக்க, ஐம்பது ஆண்டுகள் கழிந்தன. 2004 இல் எல்லா ஆய்வுகளையும் சீர்தூக்கிய கொக்கிறேன் மீளாய்வும், பயன் உண்டெனத் துணிய அன்றிருந்த சான்றுகள் போதாவென்றே முடித்தது.

இம்முட்டுப்பாட்டை நீக்கியது, பெல் பிறந்த ஸ்கொட்லாந்து நாடே. பிராங்க் சலிவன் தலைமையிலான குழுவினர் 2004 முதல் 2006 வரை, நாடு முழுவதுக்கும் பணிபுரியும் 17 வைத்தியசாலைகளில், நோய் தோன்றி 72 மணித்தியாலத்துக்குள் வந்த 551 பேரை எழுந்தமானமாக நான்கு குழுவாக வகுத்தனர். ஒரு குழுவினர்க்குப் பிறெட்னிசொலோன், ஒரு குழுவினர்க்கு வைரசை அடக்கும் அசைக்கிளோவிர், ஒரு குழுவினர்க்கு இரண்டும், எஞ்சியோர்க்குப் போலிக்குளிசை. எவர் எதைப் பெறுகின்றார் என்பதை நோயாளரும் அறியார், மருத்துவரும் அறியார். முகத்தைப் படமெடுத்து, எம்மருந்து கொடுக்கப்பட்டதென அறியாத வல்லுநர் மூவரைக் கொண்டு மதிப்பிட்டனர். முடிவு 2007 இல் வெளியாயிற்று. மூன்று மாதத்தில், பிறெட்னிசொலோன் பெற்றோருள் 83.0 சதவீதத்தினரும் பெறாதோருள் 63.6 சதவீதத்தினரும் முழுக்குணம் எய்தினர். ஒன்பது மாதத்தில் அவ்வெண்கள் முறையே 94.4 உம் 81.6 உம் ஆயின. அசைக்கிளோவிரால் எவ்வித மேம்பாடும் காணப்படவில்லை. மருந்து பெறும் எண்மருள் ஒருவர், அதனைப் பெறாதிருப்பின் நீங்காதிருந்திருக்கக்கூடிய கோணலினின்று காக்கப்படுகின்றார் என்பது இதன் பொருள்.

அடுத்த ஆண்டில், சுவீடனிலும் பின்லாந்திலும் 829 பேரை ஆராய்ந்த எங்ஸ்திரோம் குழுவினரும் அம்முடிவுக்கே வந்தனர். அவர்தம் அளவுகோல் மிகக் கடியது. சிறு குறையுமின்றி முகம் மீண்டாரையே குணமடைந்தவராகக் கொண்டனர். பன்னிரண்டு மாதத்தில் அந்நிலை எய்தினோர் பிறெட்னிசொலோன் பெற்றோருள் 72 சதவீதம்; பெறாதோருள் 57 சதவீதம்.

இவ்விரு ஆய்வுகளிலும் கொடுத்த அளவே இன்று பெரியோர்க்கு வழங்கும் இரு முறைகளாகும். ஸ்கொட்லாந்து முறையில், 25 மில்லிகிராம் காலையும் மாலையுமாக நாளொன்றுக்கு 50 மில்லிகிராம், பத்து நாட்கள், மொத்தம் 500 மில்லிகிராம். சுவீடன் முறையில், நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் ஐந்து நாட்கள். பின்னர் 50, 40, 30, 20, 10 என நாள்தோறும் பத்துப் பத்தாகக் குறைத்து, பத்தாம் நாளோடு நிறைவு. மொத்தம் 450 மில்லிகிராம். வழிகள் இரண்டாயினும் சென்றடையும் இடம் ஏறக்குறைய ஒன்றே. உடல் இயல்பாகச் சுரப்பது 5 மில்லிகிராம் என்றோம். ஆகவே இவ்வளவு இயல்பினும் பத்து, பன்னிரு மடங்காகும். வீக்கத்தை விரைந்து அடக்குதற்கு இத்துணை மிகுதியும், உடலுக்கு ஊறு நேராமற் காத்தற்கு இத்துணைக் குறுகிய காலமும் வேண்டப்பட்டன. நிறைவாகவும் குறுகவும் கொடுத்தல் என்பதே இம்முறையின் உயிர்நிலை.

இதனினும் பன்மடங்கு மிகுதியாக நாளத்தின் வழியே செலுத்தும் முறையொன்றை ஜேர்மனியில் ஸ்டென்னேட் என்பார் 1979 இல் வெளியிட்டார். கடும் வாதமுற்றார்க்குப் பேரளவு மேலும் நன்மை தரலாம் எனக் காட்டும் ஆய்வுகள் பின்னரும் வந்துள. ஆயினும் அவை பெரும்பாலும் எழுந்தமானப் பகுப்பு இல்லாதவை. பிள்ளைகளின் நிலை வேறு. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 187 பிள்ளைகளை ஆராய்ந்து 2022 இல் வெளியிட்ட முடிபின்படி, ஒரு மாதத்திற் குணமடைந்தோர் மருந்து பெற்றோருள் 49 சதவீதம், போலிமருந்து பெற்றோருள் 57 சதவீதம். ஆறு மாதத்தில் முறையே 99 உம் 93 உம். பிள்ளைகள் பெரும்பாலும் தாமே தேறுகின்றனர். ஆகவே பெரியவர்க்கு எழுதிய மருந்தைப் பிள்ளைக்குப் பகிர்ந்தளித்தல் எவ்வாற்றானும் கூடாது.

எவ்வளவு என்பதற்கு விடை கண்டோம். எப்போது என்பது அதனினும் முதன்மையானது. நரம்பிழைகள் அழியத் தொடங்குவது முதற் சில நாட்களிலாதலின், 72 மணித்தியாலம் என்னும் எல்லை குறிக்கப்பட்டது. சுவீடன் ஆய்வின் தரவுகளைப் பின்னர் நுணுகி நோக்கியபோது, முதல் 48 மணித்தியாலத்துக்குள் தொடங்கியோரே மிகுந்த பயன் பெற்றமை தெரியவந்தது. நம்மூர் வீடுகளிலோ, காற்றுப் பட்டதென்றும் பனி தாக்கியதென்றும் கூறி, எண்ணெய் பூசியும் ஒத்தடம் கொடுத்தும் ஒரு கிழமையைப் போக்கிவிடுகின்றோம். எண்ணெயால் தீங்கில்லை, கழிந்துபோன கிழமையே தீங்கு.

அளவிலும் இத்தகைய தவறு நேர்கின்றது. பிறெட்னிசொலோன் பெரும்பாலும் 5 மில்லிகிராம் குளிசையாகவே கிடைக்கின்றது. நாளொன்றுக்குப் பத்து, பன்னிரண்டு குளிசை என்றதும் வீட்டார் திகைக்கின்றனர். ஸ்டெரொயிட் பொல்லாதது என்று யாரோ கூறக் கேட்டு, பத்தை ஐந்தாக்கி, ஐந்தை இரண்டாக்கி விழுங்குவாரும் உளர். அவ்வாறு செய்பவர் மருந்தின் தொல்லையில் ஒரு பங்கை ஏற்று, அதன் பயன் முழுவதையும் இழக்கக்கூடும். வேறு சிலர், பத்து நாளில் முகம் நேராகாமை கண்டு, பழைய சிட்டையைக் காட்டி மேலும் மேலும் வாங்கி உண்பர். மருந்தின் வேலை பத்து நாளில் முடிந்துவிடுகின்றது. பின்னர் நிகழ்வது நரம்பின் வேலை. நெடுநாள் உண்ணும் ஸ்டெரொயிட்டாலேயே முகம் ஊதுதல், என்பு நலிதல், சுரப்பி உறங்கிவிடுதல் முதலிய கேடுகள் பெரிதும் விளைகின்றன. குறைத்தலும் நீட்டலும் ஒன்றுக்கொன்று எதிரானவை. எனினும், மருத்துவர் வகுத்த அளவை மீறுதலில் இரண்டும் ஒன்றே.

பத்து நாளிலும் கவனிக்கத்தக்கன சில உள. சலரோகம் உடையார்க்குக் குருதியில் வெல்லம் திடீரென ஏறும். அவர்க்கு இம்மருந்து விலக்கன்று, ஆனால் நாள்தோறும் வெல்லத்தைச் சோதித்து, வேண்டியவாறு சலரோக மருந்தை மருத்துவர் மாற்றியமைத்தல் வேண்டும். குருதியமுக்கம் ஏறலாம், வயிறு எரியலாம், உறக்கம் குன்றலாம், மனம் அலையலாம். உணவோடு உண்பதும், இரண்டாம் வேளைக் குளிசையை இரவுக்குத் தள்ளாதிருப்பதும் இவற்றை ஓரளவு தணிக்கும். குடற்புண், கசநோய், கண்ணழுத்த நோய் முதலியன இருந்தாலும், கருவுற்றிருந்தாலும், அதனை மருத்துவரிடம் முன்னரே கூறல் கடமை.

குளிசை நரம்பைக் காக்கும். கண்ணைக் காப்பது வீட்டார் கையில் உள்ளது. மூடாத கண் உலர்ந்து, கருவிழி புண்பட்டுப் பார்வையே குன்றலாம். பகலிற் செயற்கைக் கண்ணீர்த் துளியும், இரவிற் கண் களிம்பும் இட்டு, இமையை மெல்ல மூடி ஒட்டுப்பட்டியால் ஒட்டிவிடல் வேண்டும். கண் சிவந்தாலோ நொந்தாலோ கண் வைத்தியரை உடனே அணுகல் வேண்டும். முகம் பெரும்பாலும் மூன்று கிழமைக்குள் அசையத் தொடங்கும். மூன்று மாதமாகியும் முழுதும் மீளாவிடின், மீண்டும் மருத்துவரைக் கண்டு வேறு காரணம் உண்டோ என ஆராய்தல் தக்கது.

நம் கல்லூரியின் பழைய மாணவருள் மருத்துவத் தொழில் புரிவோர் பலர். அத்துறையை நாடும் இளைஞரும் இங்கு உளர். அவர்க்கு இவ்வரலாறு ஒரு பாடமாகும். தாமே குணமாகும் நோயில் மருந்தின் மெய்ம்மையை அறிதற்கு, புகழ்ந்துரைப்பாரின் கூட்டம் போதாது. எழுந்தமானமாகப் பகுத்த நூற்றுக்கணக்கானோரும், தாம் பெறுவது இன்னதென அறியாதே ஆய்வுக்கு உடன்பட்ட அவர்தம் பொறுமையும் வேண்டும். ஏனையோர் நினைவிற் கொள்ளவேண்டியது சிறிதே. ஒருநாட் காலையில் உற்றார் ஒருவரின் முகம் கோணக் கண்டால், நெற்றியை நோக்குக. கை கால்களை நோக்குக. அன்றே வைத்தியரிடம் அழைத்துச் செல்க. அவர் பத்துக் குளிசை எழுதினால் பத்தையும் கொடுக்க. பத்தாம் நாள் நிறுத்தச் சொன்னால் நிறுத்துக. அதுகாறும் இரவுதோறும் அவர் கண்ணை மூடிவிட மறவாதிருக்க.